இருப்பதும் தோன்றுவதும்

செல்வம் படைத்தவர் தம் செல்வாக்கைப் பிறர் கண்ணில் படாதபடி வைத்துக்கொள்வது நற்குணமா, குற்றமா? நம்மவருள் பலர் சற்றும் யோசியாமல், "ஆடம்பரமற்றவனே மேலோன்" என்று விடை கூறிவிடுவர். கடன் வாங்கிக் கலியாணம் செய்து வாணவேடிக்கை விடும் சமூகத்திற்கு அவ்விடை வேண்டியதே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வழக்கு அத்துடன் தீர்ந்துவிடவில்லை. ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள சுவீடன் தேசத்தில், ஐந்து தலைமுறைக்கு மேலாகப் பாங்கியும் ஆலைகளும் நடத்திவரும் வாலன்பர்க் குடும்பத்தின் வரலாற்றைப் படிக்குங்கால், அவ்விடை நமக்கே ஐயமாகிவிடுகிறது.

அக்குடும்பத்தார் லத்தீன் மொழியில் ஒரு வாசகத்தைத் தமக்குரியதாக மேற்கொண்டிருக்கின்றனர். "இருத்தல் வேண்டும், தோன்றுதல் வேண்டா" என்பது அதன் பொருள். பண்டை ரோமர் கருதியது சற்று வேறு. நல்லவனாகத் தோன்றுவதினும் நல்லவனாக இருப்பதே மேல் என்றனர் அவர். அவர்கள் கண்டித்தது வேடத்தை; இவர்கள் விலக்கியதோ வெளிச்சத்தை. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை.

குடும்பத்தின் முதல்வர் ஆந்திரே ஆஸ்கர் வாலன்பர்க், 1816இல் பிறந்தவர். தந்தையார் கிறிஸ்தவப் பேராயராக விளங்கியவர். மகனோ கடற்படையிற் சேர்ந்து, பின் பணத்தொழிலில் நாட்டங்கொண்டார். 1856இல் ஸ்டாக்ஹோம் நகரில் "என்ஸ்கில்டா" பாங்கியை நிறுவினார். பொதுமக்களின் சேமிப்பை வட்டி கொடுத்துப் பெற்று, அதனையே தொழில்களுக்குக் கடனாக அளிப்பது அந்நாளில் அந்நாட்டில் புதுமை. 1864இல் ஒரு பெண்மணியைப் பாங்கி வேலைக்கு அமர்த்தியதும் அவர் பாங்கியே. பெண்கள் கணக்கெழுதினால் உலகம் கவிழ்ந்துவிடும் என்று அஞ்சிய காலம் அது. உலகம் கவிழவில்லை. ஆனால் 1878இல் பாங்கி கவிழப் பார்த்தது. ரயில்வேப் பத்திரங்களில் முடங்கிய பணம் திரும்பாது என்ற அச்சம் பரவவே, பணம் போட்டவர்கள் வாயிலில் திரண்டனர். மறு ஆண்டு அரசாங்கம் ரயில்வேக்களுக்கென அமைத்த கடன் நிதி அந்நெருக்கடியைத் தணித்தது. தனியார் செல்வம் என்று நாம் சொல்வதன் அடியில் பொதுப்பணம் எத்தனை முறை முட்டுக்கொடுத்திருக்கிறது என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்வது நன்று.

அவர் மக்கள் காலத்தில் பாங்கியின் கை ஆலைகளுக்குள் நீண்டது. மின்சார யந்திரம், டெலிபோன், காகிதம், பின்னர் ஆகாய விமானம் என அதன் தொடர்பில்லாத பெருந்தொழில் அத்தேசத்தில் அரிதாயிற்று. தீக்குச்சி அரசன் எனப்பட்ட கிரூகர் 1932இல் பாரிஸ் நகரில் தம்மைத் தாமே சுட்டு மாண்டபோது, சிதறிய அவர் சாம்ராஜ்யத்தில் சுவீடன் தீப்பெட்டிக் கம்பெனியிலும் எரிக்ஸன் டெலிபோன் கம்பெனியிலும் வாலன்பர்க் குடும்பத்தின் செல்வாக்கு ஏறிற்று. சென்னைத் திருவொற்றியூரில் "விம்கோ" தீப்பெட்டித் தொழிற்சாலை நடத்தியது அந்தச் சுவீடன் கம்பெனியின் கிளையே. இன்றும் அவ்விடத்து ரயில் நிலையத்திற்கு விம்கோ நகர் என்று பெயர். அங்குக் குச்சி அடுக்கியவருள் எவரேனும் வாலன்பர்க் என்ற பெயரைக் கேட்டிருப்பரோ? கண்ணிற் படாத முதலாளி என்றால் என்ன என்பதைத் தோட்டத்தில் உழைத்தோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இது நிற்க. இக்குடும்பத்தை மற்றச் செல்வர்களினின்று பிரித்துக் காட்டுவது 1917இல் நிகழ்ந்த ஒரு செயல். ஆந்திரேயின் மகன் க்நூட், சுவீடனின் வெளிநாட்டு மந்திரியாகவும் இருந்தவர், தம் மனைவி ஆலிஸுடன் 20 மில்லியன் குரோனர் கொடுத்து ஓர் அறநிலையம் அமைத்தார். தேசத்திற்குப் பயன்படும் ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் வருமானம் செல்லவேண்டும் என்பது ஏற்பாடு. பின்னர் வேறு அறநிலையங்களும் சேர்ந்தன. இன்று அவை ஆண்டுதோறும் 2,000 மில்லியன் குரோனருக்கு மேல் வழங்குகின்றன. சர்வகலாசாலை விஞ்ஞானிகள் பலர் அதனால் வேலை செய்கின்றனர். பிள்ளைகளுக்கிடையே பங்கு பிரித்துச் செல்வம் கரைந்துபோகும் வழக்கமான கதை இங்கு நிகழவில்லை. அது குடும்பத்தினுடையதாகவே இல்லாமற் போனது. இது மெய்யான அறம். இதனை ஏளனம் செய்வோருடன் நாம் சேரமாட்டோம்.

ஆனால் மெய் முழுவதும் அதுவன்று. நம் ஊர்க் கோயில்களில் சொத்து தெய்வத்தினுடையது. சாவிக்கொத்து தர்மகர்த்தாவின் இடுப்பிலுள்ளது. விற்க அவருக்கு உரிமையில்லை, எனினும் ஊரில் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லை. சுவீடனிலும் அவ்வாறே. அறநிலையங்கள், 1916இல் தோன்றிய "இன்வெஸ்டர்" என்னும் கம்பெனியில் நாலில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே வைத்துள்ளன. வாக்குகளிலோ ஏறத்தாழப் பாதி அவற்றினுடையவை. எரிக்ஸன் கம்பெனியில் ஒருவகைப் பங்கிற்கு ஒரு வாக்கும் மற்றொருவகைக்கு ஆயிரத்தில் ஒரு வாக்கும் என்ற விந்தை நெடுங்காலம் நடந்தது. 2004இல்தான் அது பத்தில் ஒன்றாயிற்று. பணத்தைத் துறந்தவர் அதிகாரத்தைத் துறக்கவில்லை. அதிகாரம் என்பது ஒருவர் வேலையை மற்றொருவர் தீர்மானிக்கும் உரிமை. அது தோன்றாமல் இருந்தால், கெட்ட தீர்ப்புக்கு யாரைப் போய்க் கேட்பது?

இக்கேள்வியின் கூர்மை இரண்டாம் உலக யுத்தத்தில் வெளிப்பட்டது. அப்போது தலைமையில் இருந்தோர் யாகோப், மார்க்குஸ் என்னும் சகோதரர் இருவர். மூத்தவர் ஜெர்மனியுடனும் இளையவர் பிரிட்டனுடனும் வியாபாரப் பேச்சு நடத்தினர். நடுநிலை நாட்டில் அதனை முழுதும் குற்றமென்று சொல்ல முடியாது. ஆனால் போஷ் என்னும் ஜெர்மன் கம்பெனியின் அமெரிக்கக் கிளையை, யுத்தம் முடிந்தபின் திருப்பித் தருவதென்ற மறைவான உடன்பாட்டுடன், தமதெனக் காட்டி இவர்கள் பாங்கி ஏற்றுக்கொண்டிருந்தது. 1942இல் அமெரிக்க அரசாங்கம் அப்பங்குகளைக் கைப்பற்றிற்று. 1945இல் பாங்கியின் அமெரிக்கச் சொத்துக்களையும் முடக்கிற்று. மறு ஆண்டு யாகோப் பாங்கித் தலைமையினின்று விலகினார். அதே யாகோப், ஹிட்லரை எதிர்த்துச் சதி செய்த கெர்டலர் என்பாருடனும் தொடர்பு வைத்திருந்தவர் என்பதையும் சொல்லாவிடில் நாம் நேர்மை தவறியவராவோம். ஒரே மறைவில் நன்மையும் தீமையும் ஒன்றன்பக்கல் ஒன்று உட்கார்ந்திருந்தன. வெளியிலிருப்போர் எதனை நம்புவது?

அதே காலத்தில் அதே குடும்பத்து இளைஞர் ஒருவர் குலத்தின் வாசகத்தைத் தலைகீழாக்கினார். ரவுல் வாலன்பர்க், அச்சகோதரருக்கு ஒன்றுவிட்ட சகோதரரின் மகன். தந்தையை அவர் காணவேயில்லை, பிறக்குமுன் மாண்டார். அமெரிக்காவில் கட்டடக் கலை பயின்று 1935இல் பட்டம் பெற்றவர். குடும்பப் பாங்கியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. சிறிய வியாபாரக் கம்பெனியொன்றில் வேலை பார்த்தார். 1944 ஜூலை 9இல் சுவீடன் தூதரக அலுவலராய் அவர் புடாபெஸ்ட் சேர்ந்தார். அதற்குள் ஹங்கேரி நாட்டு யூதர் நான்கு லட்சத்திற்கு மேற்பட்டோர் ரயிலேற்றப்பட்டுவிட்டனர்.

தூதரகம் முன்னரும் சில பாதுகாப்புத் தாள்கள் வழங்கிவந்தது. ரவுல் அவற்றிற்குப் புது உருவம் கொடுத்தார்: நீலமும் மஞ்சளும், நடுவில் மூன்று முடி, முத்திரை, கையொப்பம். சர்வதேசச் சட்டத்தில் அத்தாளுக்கு வலிமை மிகச் சொற்பம். ஆனால் முத்திரைக்கு அஞ்சிப் பழகிய அதிகாரி அதைக் கண்டு தயங்கினான். வாடகைக்கு எடுத்த வீடுகளில் சுவீடன் கொடியைப் பறக்கவிட்டு, உள்ளே மக்களைக் குடியேற்றினார். இல்லாத அதிகாரத்தை இருப்பதாகத் தோன்றச் செய்தார். ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைத்தனர். இது பொய்யா? வாய்மையைப் பற்றிப் பேசிய வள்ளுவர் இத்தகைய பொய்க்கு இடம் வைத்திருக்கிறார். நாம் அதனைக் கடுமையாக விசாரிக்க வேண்டியதில்லை.

நாம் விசாரிக்க வேண்டியது வேறொன்று. யாகோப் பாங்கி அறையில் மறைத்தது, ஏதேனும் தவறினால் நஷ்டத்தைப் பங்குதாரர்மேலும் தேசத்தின்மேலும் ஏற்றத்தக்கது. ரவுல் தெருவில் காட்டியது, தவறினால் அவர் தலைமேலேயே விழத்தக்கது. அவ்வாறே விழுந்தது. 1945 ஜனவரி 17இல் ருஷ்யப் படையினர் அவரைக் கொண்டுசென்றனர், திரும்பவில்லை. 1947இலேயே சிறையில் மாண்டார் என்று 1957இல் மாஸ்கோ அறிவித்தது. அவர் பொருட்டுப் பெருஞ்செல்வரான உறவினர் போதிய முயற்சி செய்தனரா என்ற வாதம் சுவீடனில் பலகாலம் நடந்தது. குடும்பம் தன் வழக்கப்படி ஓசையின்றியே நடந்துகொண்டதால், செய்ததையும் செய்யாததையும் பிறர் அளப்பது எளிதாக இல்லை.

கொடையில் தோன்றாமை அழகு. வலக்கை தருவதை இடக்கை அறியாதிருக்கட்டும். ஆளும் கையோ வேறு. அதன் ஐந்து விரலும் ஆளப்படுவோருக்குத் தெரியவேண்டும் என்பதே நம் கட்சி. இதற்கு எதிராகவும் ஒரு நியாயம் உண்டு: வெளிச்சத்தை விரும்பும் செல்வர் மக்களின் கைதட்டலுக்காக நாட்டையே விலைபேசுகின்றனர், அவர்களினும் இவர்கள் மேலல்லவா என்பர். மேல்தான். ஆயினும் ஸ்டாக்ஹோமில் 1972இல் மற்றொரு பெரும் பாங்கியுடன் இணைந்த அந்தப் பழைய பாங்கிக்குச் சிறிது தொலைவில், நீர்க்கரையோரம் ஒரு சதுக்கம் உண்டு. அதற்கு மக்கள் வைத்த பெயர் ரவுல் வாலன்பர்க் சதுக்கம்.