அறியாமல் வைத்த அடி

உள்ளரங்கத் தடகளத்தில் ஆண்களுக்கான 3000 மீட்டர் ஓட்டம் பதினைந்து சுற்று. ஒரு சுற்று 200 மீட்டர்தான் என்பதால், ஓடுகிறவர் ஏறத்தாழ எட்டு நிமிடத்தில் முப்பது வளைவுகளைக் கடந்தாக வேண்டும். வளைவுகள் உட்பக்கமாகச் சரிந்திருக்கும். ஆளுக்கொரு தடம் கிடையாது. உள்விளிம்பை ஒட்டிய வழியே குறுகியது என்பதால் எல்லோரும் அங்கேயே நெருக்குவார்கள். முழங்கை இடிக்கும், முன்னால் ஓடுகிறவரின் குதிகால் இடறும். அந்த நெரிசலில் ஒரு கால் விளிம்பைத் தாண்டி உள்ளே பட்டுவிட்டால் மூவாயிரம் மீட்டரும் கணக்கில் வராமல் போகலாம். விதி காலைப் பார்க்கிறது; காலை வைத்தவரின் எண்ணம் என்ன என்று கேட்பதில்லை. அறியாமல் செய்த பிழைக்கும் அறிந்து செய்த பிழைக்கும் விளைவு ஒன்றுதானா என்பது அறநூல்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி.

2024 பிப்ரவரியில் டெஹ்ரானில் நடந்த ஆசிய உள்ளரங்கத் தடகளப் போட்டியில் அது நேரடியாகவே எழுந்தது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ராணுவ வீரர் குல்வீர் சிங் 3000 மீட்டரை 8 நிமிடம் 7.48 வினாடியில் ஓடி முதலாவதாக வந்தார். தட விதியை மீறியதாகச் சொல்லி அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். இந்திய அணி மேல்முறையீடு செய்தது. முறையீடு ஏற்கப்பட்டு, தங்கம் திரும்பக் கிடைத்தது. ஓடியவர் அவரே, ஓட்டமும் அதே ஓட்டம்தான். இடையில் அவருடைய எண்ணம் எதுவும் மாறிவிடவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரரான கோவிந்தன் லட்சுமணனுக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. 2017இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர் அவர். அதே ஆண்டு அஷ்காபாத் நகரில் ஆசிய உள்ளரங்க விளையாட்டுகளில் 3000 மீட்டர் தங்கமும் அவருக்கே. 2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், திறந்தவெளித் தடத்தில், 10,000 மீட்டரை 29 நிமிடம் 44.91 வினாடியில் முடித்து மூன்றாவதாக வந்தார். வெண்கலம் கிடைத்துவிட்டது என்று நாடே நினைத்திருந்த வேளையில், வளைவில் அவருடைய கால் உள்விளிம்பைத் தாண்டியது என்று அறிவித்தார்கள். இந்தியாவின் முறையீடு தள்ளுபடியானது. பதக்கம் சீன வீரர் ஷாவ் சாங்ஹோங்குக்குப் போனது. அவர் லட்சுமணனுக்கு இருபது வினாடிக்கும் மேல் பின்தங்கி வந்தவர்.

வளைவில் ஓரடி உள்ளே வைத்தால் மிச்சமாகும் தூரம் சில சென்டிமீட்டர். பத்தாயிரம் மீட்டரில் அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் விதியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஓட்டத்தின் தூரம் விளிம்பை வைத்தே அளக்கப்படுகிறது. விளிம்பைத் தாண்டியவர் குறித்த தூரத்தை ஓடவில்லை என்பது ஒரு தகவல். அதில் வசை எதுவும் இல்லை. நடுவர் ஒவ்வொருவர் மனத்துக்குள்ளும் புகுந்து பார்க்க முடியாது; பார்க்கப் புகுந்தால் ஓட்டப் பந்தயம் வழக்காடு மன்றமாகிவிடும். நீளம் தாண்டுகிறவர் கோட்டை மிதித்தால் அந்த ஒரு தாவல்தான் போகும், அடுத்த வாய்ப்பு இருக்கிறது. ஓடுகிறவருக்கு இருப்பது ஒரே வாய்ப்பு. சிக்கல் முழுவதும் இங்கேதான்.

செயலா, எண்ணமா என்ற வழக்கு இந்தியச் சமயங்களுக்குள் வெளிப்படையாகவே நடந்தது. பாலி நூலான உபாலி சுத்தம் அதைப் பதிவு செய்திருக்கிறது. உடலால் செய்யும் தீமையே பெரிது என்று சமணத் தரப்பு சொல்வதாகவும், மனத்தால் செய்வதே பெரிது என்று புத்தர் மறுப்பதாகவும் அந்த உரையாடல் போகிறது. எதிர்த் தரப்பு எழுதிய நூல் என்பதால் சமணர் வாதத்துக்கு அதில் முழு நியாயம் கிடைத்திருக்கும் என்று நம்ப வேண்டியதில்லை. தரையைப் பார்த்து அடிவைக்கும் சமணத் துறவி, தெரியாமல் மிதித்தேன் என்ற சமாதானத்தை ஏற்காதவர். கவனக் குறைவே அவருக்குப் பிழை. தடகள நடுவரின் நெறி இதற்கு மிக அருகில் நிற்கிறது.

தமிழ்க் கதைகள் பெரும்பாலும் செயலின் பக்கமே சாய்கின்றன. மனுநீதிச் சோழன் மகனின் தேர்க்காலில் கன்று தானே வந்து விழுந்தது. அமைச்சர் கழுவாய் போதும் என்றார், அரசன் ஏற்கவில்லை. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கோவலன் குற்றமற்றவன் என்று அறியாமல்தான் ஆணையிட்டான். அறிந்ததும் அரியணையிலேயே உயிர்விட்டான். ஆனால் இரண்டு அரசர்களும் அந்தக் கடுமையைத் தங்கள் மீதோ தங்கள் குருதியின் மீதோதான் காட்டினார்கள். அதை அடுத்தவர் மீது சுமத்தும் விதியாகப் படிப்பது தவறு. மனுநீதிச் சோழனுக்குச் சிலை வைத்திருக்கும் சென்னை உயர் நீதிமன்றமேகூட அவன் வழியில் தீர்ப்பளிப்பதில்லை. நாட்டின் குற்றவியல் சட்டம் தற்செயலாக நேர்ந்ததைக் குற்றமாகக் கொள்வதில்லை.

இந்தக் கேள்விக்கு மிக நுட்பமான விடை சென்னையின் மேற்கே, ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையில், திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் இருக்கிறது. தலபுராணப்படி, புழல் கோட்டையில் இருந்த குறும்பரோடு போரிட வந்த தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் கால் சிக்கி நின்றது. கொடியை வெட்ட வீசிய வாள் புதருக்குள் இருந்த லிங்கத்தின் மேல் பட்டது, குருதி பீறிட்டது. அரசன் தன் கழுத்தையே அரியத் துணிந்தான். இறைவன் தடுத்தார், நந்தியைத் துணைக்கு அனுப்பிப் போரையும் வெல்லச் செய்தார். நந்தி இன்றும் சன்னதிக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி இருக்கிறது. பகைவர் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இரண்டு வெள்ளெருக்கந் தூண்கள் கருவறைக்கு முன் நிற்கின்றன.

கதையில் மன்னிப்பு உண்டு. ஆனால் காயம் அழிக்கப்படவில்லை. லிங்கத்தின் மேல் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு இருக்கிறது. சித்திரை சதயத்தன்று அதைக் களைந்து புதிதாகச் சாத்துகிறார்கள். நடந்தது நடந்ததுதான், அதற்காக நடத்தியவன் பழிகாரன் ஆகிவிடவில்லை என்று இரண்டையும் ஒருசேர வைத்திருக்கிறது அந்தச் சன்னதி.

இதே தலத்துக்குச் சுந்தரரும் வந்தார், வேறு கணக்கோடு. சங்கிலியாரைப் பிரியேன் என்று திருவொற்றியூர் மகிழமரத்தடியில் சத்தியம் செய்தவர், திருவாரூர் ஆசையில் ஊர் எல்லையைத் தாண்டினார். தாண்டியதும் கண்பார்வை போனது. பார்வையற்றவராக வந்து திருமுல்லைவாயிலில் பதிகம் பாடினார். தொண்டைமானின் கதை அந்தப் பதிகத்துக்குள்ளேயே வருகிறது. அறிந்து எல்லை கடந்தவர் அறியாமல் வாள் வீசியவனை நினைவுகூர்கிறார்! சுந்தரருக்கு அங்கே பார்வை திரும்பவில்லை. ஒரு கண் காஞ்சியிலும் மற்றது திருவாரூரிலும்தான் கிடைத்தன. இறைவனின் தோழருக்கே அறிந்த பிழை தவணையில்தான் தீர்ந்தது. அறியாத பிழைக்குத் துணைப்படை வந்தது. எண்ணம் கணக்கில் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சைவ எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தடகள விதியும் மெல்ல இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. மற்றவர் தள்ளியதால் கோடு தாண்டியவரைத் தண்டிப்பதில்லை என்ற விலக்கு முன்பே இருந்தது, அவருக்கு ஆதாயம் எதுவும் கிடைத்திருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. 2021 இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னும் ஒரு படி இறங்கியது. வளைவில் ஒரே ஒரு முறை விளிம்பில் கால் பட்டாலோ தாண்டினாலோ, ஆதாயம் இல்லாதவரை, யாருக்கும் இடையூறு செய்யாதவரை, தகுதிநீக்கம் கிடையாது. ஆனால் அந்த அடி குறிப்பில் ஏறும். அதே போட்டியின் அடுத்த சுற்றுக்கும் தொடரும். இரண்டாம் முறை நேர்ந்தால் வெளியேற்றம். நடந்ததை மறைக்காமல் பழியை மட்டும் நீக்குவது என்ற அளவில் இது சரியான திருத்தமே. எண்ணத்தை அளக்க வழியில்லாத இடத்தில், ஆதாயத்தையும் எண்ணிக்கையையும் அளப்பது நேர்மையான மாற்று.

லட்சுமணனின் ஓட்டம் இந்தத் திருத்தத்துக்கு முந்தையது. விதிகள் பின்னோக்கிச் செல்வதில்லை. ஜகார்த்தாவிலிருந்து திரும்பிய அவருக்கு அப்போதைய ஒன்றிய விளையாட்டு அமைச்சர் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் 10 லட்சம் ரூபாய் சிறப்புப் பரிசாக வழங்கினார். பதக்கப் பட்டியலில் அவர் பெயர் சேரவில்லை.