ஏழு பேர் போதும், எழுந்து வா!

பீடித் தட்டை மடியில் வைத்து, அம்மா இலை சுருட்டிய காசில் படித்தவன் நீ, படித்தவள் நீ. ஆலங்குளத்திலும் சுற்றுப்பட்டிகளிலும் இப்படிப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருக்கிறீர்கள். அந்தப் படிப்பு சம்பளத்துக்கு மட்டும்தானா? தாலுகா ஆபீசில் அப்பா கைகட்டி நிற்கையில், பக்கத்தில் நிமிர்ந்து நின்று 'இது எங்கள் உரிமை' என்று சொல்லவும்தான்!

தலைவர் வரட்டும் என்று காத்திராதே. 2021 அக்டோபரில் நம் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் ஊராட்சித் தலைவராகச் சாருகலா வென்றபோது அவருக்கு வயது 21. உள்ளாட்சியில் போட்டியிடச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச வயதே அதுதான். அவர் ஒரு நாளையும் வீணாக்கவில்லை. நீ எதற்குத் தயங்குகிறாய்?

சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இதைக் கேள். ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலை பார்த்த ஏழைகளுக்கு முழுக்கூலி கிடைக்கவில்லை. 1990-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்று சங்கமாய்ச் சேர்ந்தார்கள். வருகைப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். செத்துப்போனவர் பெயரில்கூடக் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. அந்தப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் அதில் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்! அவர்கள் மூட்டிய நெருப்புதான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்தது. இன்று பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி நீ கேட்டால், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய். விடாதே.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். 2022-இல் நம் தென்காசி மாவட்டத்துப் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளை ஊர்க்கட்டுப்பாடு என்று சொல்லிக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். நாடே பார்த்தது. மாணவர்கள் சாதி அடையாளமாய்க் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லி 2024-இல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைக்கவும் வேண்டியிருந்தது. சாதிக் கயிறு கட்டிய கையால் உரிமைச் சங்கம் கட்ட முடியாது, தம்பி. அதை அறுத்தெறிந்துவிட்டு வா. உன் தெருப் பையன்களை மட்டும் கூட்டிவந்தால் அது சாதிச் சங்கம்தான். மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும். தங்கச்சிமாரும் வரட்டும், அவர்கள் வீடு திரும்பும் நேரத்தைக் கணக்குப் பார்க்கிற ஊர்வாய்க்குச் சேர்ந்தே பதில் சொல்லுங்கள். விரும்பியவரை மணக்கவும், மனதில் பட்டதைப் பேசவும் ஒருவருக்கொருவர் அரணாய் நில்லுங்கள்.

சங்கம் அமைக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு தருகிறது. தமிழ்நாட்டில் சங்கம் பதிய ஏழு பேர் போதும். இந்த ஞாயிறே கூடுங்கள். வார்டில் சாக்கடைக்கும் குடிநீருக்கும் போன ஆண்டு எவ்வளவு செலவானது என்று பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு முதல் மனுவை எழுதுங்கள். கிராமத்துப் பிள்ளைகள் அக்டோபர் 2 கிராம சபையில் அதே கேள்வியைக் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல் வீடு திரும்பாதீர்கள்.