பொந்துக் கணக்கு

திருகோணமலையில் கிளி பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. பொழுது சாய்கிற நேரம் உட்துறைமுக வீதியில் நின்றால் போதும். கூட்டங்கூட்டமாகக் கீச்சிட்டபடி தலைக்கு மேலே போகும். வேகமாக, நேராக, இடையில் எங்கும் இறங்காமல். பெரும்பாலானவை சாதாரணப் பச்சைக்கிளி. சில நாள்களில் அதைவிடப் பெரிய உருவம் ஒன்று அவற்றோடு வரும். கரகரத்த குரல், தோளில் சிவப்புத் திட்டு. வெள்ளைக்காரர் மகா அலெக்சாந்தரின் பெயரை வைத்த கிளி அது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2013இல் அதை அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகச் சேர்த்தது.

பெரிய கிளிக்குப் பெரிய பொந்து வேண்டும். பெரிய பொந்துக்கு வயதான மரம் வேண்டும்.

*

உப்புவெளிப் பக்கம் ஒரு மொட்டைப்பனை. வட்டு விழுந்து பல வருடமாகியும் அடிமரம் நிற்கிறது. வெளிவைரம் கறுத்து இறுகிக் கிடக்க, உள்ளே சோறு உக்கிப் போயிருக்கிறது. முதலில் துளை போட்டது மரங்கொத்தி. கிளிக்குப் பச்சை மரத்தைக் குடைகிற வலு இல்லை. மற்றவர் குடைந்ததைக் கொத்திப் பெருப்பித்துக்கொள்ளும்.

மாசியில் ஒரு காலை அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். பெண்கிளி தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் வளையம் இல்லாத வெறும் பச்சை. ஆண் வந்து பொந்தின் விளிம்பில் தொற்றி, தலையை மேலும் கீழும் ஆட்டி, தின்றதைத் தொண்டையிலிருந்து எடுத்து அதன் வாயில் வைத்தது. ஒரு மைனா வந்து எட்டிப் பார்த்தது. உள்ளிருந்து கேட்ட சத்தத்தில் உடனே போய்விட்டது.

மூன்று நான்கு முட்டை. அடை மூன்று வாரத்துக்கு மேல், பிறகு குஞ்சு பறக்க இன்னும் ஆறேழு வாரம். அதுவரை ஒரு சோடிக்கு அந்த ஒரு துளைதான் எல்லாம்.

போர்க்காலத்தில் ஷெல் விழுந்து தலை போன பனைகளிலும் கிளி குடியிருந்தது. அதைச் சொல்லத் தொடங்கினால் கவிதையாகிவிடும். விடுகிறேன்.

*

தம்பலகாமத்தில் பெரும்போக நெல் முற்றும் காலம். கிளி கதிரின் கழுத்தைக் கடித்து எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரை மருதமரத்துக்குப் போகிறது. ஒரு காலில் பிடித்து நாலைந்து மணியை உரித்துத் தின்றுவிட்டு மிச்சத்தைக் கீழே போட்டு, அடுத்த கதிருக்கு வருகிறது. வயல்காரர் தகரம் தட்டிக் களைத்துப் போய் இருந்தார்.

"தின்னுறது கொஞ்சம் தம்பி, கொட்டுறதுதான் கூட."

அவரிடம் கிளிப் பாதுகாப்பு என்று பேச எனக்கு வாய் வரவில்லை. பேசவும் தேவையில்லை என்று நினைக்கிறேன். தகரச் சத்தத்தால் கிளி அழியாது. அழிவு வருவது குஞ்சு பிடிக்கிற பெடியங்களால். கை நுழையாத பொந்தென்றால் கத்தியால் மரத்தைப் பக்கவாட்டில் வெட்டித் திறப்பார்கள். அந்த வருடக் குஞ்சு போவதோடு நிற்பதில்லை. மழைத்தண்ணீர் இறங்கும் பொந்தில் அடுத்த வருடம் யாரும் முட்டையிட மாட்டார்கள்.

*

லண்டனில் ஹரோ, வெம்பிளிப் பக்கம் இருக்கிற எங்கள் சனம் படம் அனுப்புகிறது: "ஊர்க்கிளி இங்கையும் வந்திட்டுது." கூண்டிலிருந்து தப்பியவையும் திறந்துவிடப்பட்டவையும் 1969இல் கென்ற் பகுதியில் குஞ்சு பொரிக்கத் தொடங்கின. மரபணுவைப் பார்த்தவர்கள் அவை பெரும்பாலும் பாகிஸ்தான், வட இந்தியா வழி வந்தவை என்கிறார்கள். எங்கள் ஊர்க்கிளி இல்லைத்தான். படம் அனுப்பியவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. 1984இலிருந்து 2007வரை ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பச்சைக்கிளிகள் ஐரோப்பாவுக்கு வாங்கப்பட்டன. பிறகுதான் ஐரோப்பிய ஒன்றியம் காட்டுப்பறவை இறக்குமதியை நிரந்தரமாக நிறுத்தியது.

போன இடத்திலும் கிளி தேடியது பொந்தைத்தான். ஸ்பெயினில் செவில் நகரத்துப் பூங்கா ஒன்றில் ஐரோப்பாவின் மிகப் பெரிய வௌவால் இனம் மரப்பொந்துகளில் வாழ்கிறது. கிளிகள் அவற்றைக் கடித்துத் துரத்தின, சிலவற்றைக் கொன்றன. 14 ஆண்டுகளில் வௌவால் குடியிருந்த மரங்கள் 81 வீதம் குறைந்தன. மொரிசியசில் நடந்தது இன்னும் நெருக்கமான பகை. அங்கே 1886 வாக்கில் கொண்டுபோய் விடப்பட்ட பச்சைக்கிளி, அந்தத் தீவுக்கே உரிய தன் ஒன்றுவிட்ட சகோதரமான எக்கோ கிளியோடு பொந்துக்குச் சண்டை பிடித்தது. காடும் அழிந்துகொண்டிருந்த காலம். 1980களில் எக்கோ கிளி இருபதுக்கும் குறைவு. ஆள்கள் பெட்டிக்கூடு கட்டி, குஞ்சு வளர்த்து விட்டு, இப்போது 700ஐத் தாண்டியிருக்கிறது.

இங்கே பொந்தில்லாமல் அலைவதும் அங்கே பொந்தைப் பறிப்பதும் ஒரே பறவைதான். அதை நல்லது கெட்டது என்று பிரிக்க எனக்கு மனமில்லை.

*

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரட்றிக் கோட்டைக்குள் பெரிய ஆலும் வேம்பும் நிற்கின்றன. கீழே புள்ளிமான், மேலே கிளி. இராணுவ வேலிக்குள் கோடரி போவதில்லை. வேலி எனக்குப் பிடிக்காது. மரம் நிற்பது பிடிக்கிறது.

சீனக்குடாவில் வெள்ளைக்காரர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானமொன்று அங்கிருந்த குதமொன்றின்மேல் மோதி எரிந்தது. மேற்பகுதிக் குதங்களைக் காடு மூடிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. காலையில் கிளிகள் அந்தப் பக்கம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். 2022 சனவரியில் இலங்கையும் இந்தியாவும் செய்த உடன்படிக்கைப்படி 61 குதங்களைத் திருத்தி எடுக்கக் கூட்டு நிறுவனம் இருக்கிறது. நாட்டுக்கு எண்ணெய் வேண்டும், தடுக்கச் சொல்லவில்லை. காடு வெளியாக்கும்போது பலகைக்குதவும் மரத்தைத்தான் எண்ணுவார்கள். உக்கிய மரம் விறகுக் கணக்கில் போய்விடும். முதலில் ஒருவர் நடந்து போய்ப் பொந்துள்ள மரங்களுக்கு வெள்ளைச் சாயம் பூசி வந்தால் என்ன? சில நாள் வேலை.

*

உப்புவெளிப் பனைக்காரரிடம் குஞ்சு இறங்கும்வரை வெட்ட வேண்டாம் என்று கேட்டேன். ஆனி வரைக்கும் சம்மதம். அடுத்த மாசிக்கும் விடலாமே என்றதற்குச் சிரித்தார்.

"அறுபத்திநாலு சூறாவளி கண்டவன் நான். கார்த்திகையிலை இது என்ரை கூரையிலை விழுந்தா, கிளியோ தம்பி ஓடு வாங்கித் தரும்?"

ஓட்டு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.