பொருளின் குற்றமோ, புத்தியின் குற்றமோ?

தேர் நிலைக்கு வந்தபின் வீதியை நோக்குங்கள். பிரசாதம் பெற்ற தொன்னைகள் ஒருபுறம் கிடக்கின்றன. பிளாஸ்டிக் எனப்படும் நெகிழியால் ஆன குவளைகளும் பைகளும் மறுபுறம் கிடக்கின்றன. இரண்டும் நாம் எறிந்தவையே. தொன்னையைச் சில திங்களில் மண் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். நெகிழியை ஏற்றுக்கொள்ள மண் அறியாது. அங்ஙனமாயின் நெகிழி தீய பொருளா? அதன் வரலாறு அறிந்தோர் உடனே ஆம் என்று கூறத் துணியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பில்லியர்ட்ஸ் ஆட்டத்துக்குரிய பந்துகளை யானைத் தந்தத்தால் கடைந்தனர். தந்தம் அரிதாகவே, மாற்றுப் பொருள் காண்பவர்க்குப் பதினாயிரம் டாலர் பரிசு என 1860-களில் அமெரிக்க வணிக நிறுவனம் ஒன்று அறிவித்தது. அம்முயற்சியில் இறங்கிய ஜான் வெஸ்லி ஹயாத், அமிலத்தால் பதப்படுத்திய பருத்தியோடு கர்ப்பூரத்தைக் கூட்டிச் செல்லுலாய்டை உருவாக்கி, 1870-இல் காப்புரிமை பெற்றார். பந்துக்கு அது முற்றும் பொருந்தவில்லை. எனினும் சீப்பு முதலியவற்றில் தந்தத்துக்கும் ஆமையோட்டுக்கும் அது மாற்றாயிற்று. உயிர்க்கொலை குறைய ஒரு வழி பிறந்தது.

1907-இல் லியோ பேக்லண்ட் கண்ட பேக்கலைட், மின்சாரம் தாக்காத சுவிட்சுகளைத் தந்தது. 1933-இல் இங்கிலாந்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் எதிர்பாராத வகையில் பாலித்தீன் தோன்றியது. பின்னாளில், பித்தளைக் குடத்தின் கனத்தைச் சுமந்த நம் பெண்டிர்க்கு இலேசான குடம் கிட்டியது. மருத்துவமனையில் கண்ணாடிப் புட்டியின் இடத்தில் உடையாத குருதிப்பை வந்தது. இவற்றைப் பழித்தல் நன்றி மறத்தலாகும்.

இன்று நாம் அறிந்த நெகிழிப் பையை வடிவமைத்தவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் துலின். அதற்குக் காப்புரிமை கிடைத்த ஆண்டு 1965. காகிதப் பைகளுக்காக மரங்கள் வீழ்வதைக் குறைப்பதே தந்தையாரின் கருத்து என்றும், அவர் பையொன்றை எப்போதும் மடித்துத் தம்முடன் வைத்திருப்பார் என்றும் அவர் மைந்தர் கூறியுள்ளார். பலகாலும் பயன்படுக என்று படைத்ததை நாம் ஒரு நாழிகையில் எறிகிறோம். குற்றம் தொடங்குமிடம் இதுவே அன்றோ!

உலகம் ஓராண்டில் ஆக்கிய நெகிழி 1950-இல் ஏறத்தாழ 20 லட்சம் டன். இன்றோ 40 கோடி டன்னுக்கும் மேல். 2015 வரை கழிவான நெகிழியில் நூற்றுக்கு 9 பங்கே மறுசுழற்சி பெற்றது என ஆய்வாளர் கணித்தனர். 2022-இல் மனிதக் குருதியிலேயே அதன் நுண்துகள்களைக் கண்டனர். தூர எறிந்தோம் என்று எண்ணியது நம் உடலுக்கே திரும்பிவிட்டது.

மலிவான பையை விட்டால் ஏழைப் பூக்காரி என் செய்வாள் என்று கேட்கலாம். நியாயமே. ஆனால் வெறுங்கையோடு வந்து அவளிடம் பை கேட்பவர் யார்? 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தமிழக அரசு தடை செய்தது. சட்டம் கடைக்காரரைத் தடுக்கும். கேட்கும் கையைத் தடுக்க வேண்டியவர் நாமே.

எறிதல் மட்டும் பாவமன்று, தொன்னையையும் எறிகிறோம். தேவையின் காலமும் பொருளின் ஆயுளும் பொருந்த வேண்டும் என்பதே அறம். கணநேரத் தேவைக்கு இலை. நெடுநாள் தேவைக்கு நெகிழி. இம்முறை பிறழ்ந்தால் நம் ஒருநாள் வசதியின் கடனைப் பேரப்பிள்ளைகள் தீர்க்க நேரும்.

அன்பர்களே! நம் முன்னோர் செம்பும் துணிப்பையுமாக யாத்திரை புறப்பட்டனர். அவர்கள் வந்து சென்ற வீதி மறுநாள் அவர்களைக் காட்டிக்கொடுத்ததில்லை. நாமும் அங்ஙனமே வந்து, அங்ஙனமே திரும்புவோமாக.