பழுது பார்த்தல்

இயந்திரம் கெட்டால் அதனைச் சீர்செய்வதை நாம் 'பழுது பார்த்தல்' என்கிறோம். 'பழுது நீக்கல்' என்ற தொடரும் உண்டு. எனினும் பட்டறையிலும் தோட்டத்திலும் மக்கள் நாவில் நிலைத்தது பார்த்தலே. நீக்குவதற்கு முன் பார்க்க வேண்டும் என்பது அச்சொல்லிலேயே அடங்கிக் கிடக்கிறது. எப்பொழுது பார்ப்பது, எதனைப் பார்ப்பது என்பதே நம் முன் உள்ள வினா.

ஓடுகின்ற இயந்திரத்தை நிறுத்துவது எளிய செயலன்று. நம் நாட்டுச் செம்பனை எண்ணெய் ஆலையை எடுத்துக்கொள்வோம். வெட்டிய குலைகள் காத்துக் கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும். கொதிகலன் நின்றால் நீராவி இல்லை. நீராவி இல்லையேல் குலைகளை அவிக்க வழியில்லை. 'நிறுத்துங்கள்' என்பவன் தன் சொல்லுக்கு விலை கொடுத்தாக வேண்டும். ஆதலின் ஓட்டச் சொல்பவரெல்லாம் பேராசைக்காரர் எனத் தீர்ப்பளிப்பது நேர்மையாகாது.

அடிக்கடி நிறுத்திப் பார்ப்பதே அறம் என்றும் கூறிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் கடலோர விமானப் படையை ஆராய்ந்த வாடிங்டன் முதலிய அறிவியலாளர், 50 மணி நேரம் பறந்ததும் சோதிக்கப்பட்ட விமானங்களில், சோதனை முடிந்த கையோடு பழுதுகள் மிகுந்திருக்கக் கண்டனர். நன்றாயிருந்ததைக் கை வைத்துக் கெடுத்திருந்தனர். கடமையுணர்ச்சியும் கேடு செய்யும் போலும்!

நிறுத்துவதா ஓட்டுவதா என்பதைவிட, நிறுத்திய பின் என்ன செய்கிறோம் என்பதே பெரிது என்பதற்கு 1974-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோவில் நிகழ்ந்தது சான்று. நைலானுக்கு வேண்டிய மூலப்பொருளைச் செய்த ஆலை அது. வரிசையாக நின்ற ஆறு பெருங்கலன்களின் வழியே சைக்ளோஹெக்சேன் என்னும் எளிதில் தீப்பற்றும் திரவம் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் பாய்ந்துகொண்டிருந்தது. மார்ச்சு இறுதியில் ஐந்தாம் கலனில் நீண்ட விரிசல் தென்பட்டது. உடனே ஆலையை நிறுத்தினர். அதுவரை குறை சொல்வதற்கில்லை. பிறகு அக்கலனை அகற்றி, நான்காவதையும் ஆறாவதையும் தற்காலிகக் குழாய் ஒன்றால் இணைத்தனர். கலன்களின் வாய் 28 அங்குலம். கிடைத்த குழாயோ 20 அங்குலம். அதற்கென வரைந்த படம், பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் கீறியது மட்டுமே. ஏப்ரல் 1-இல் ஆலை மீண்டும் ஓடியது. ஜூன் 1, சனிக்கிழமை மாலை, வெளியேறிய ஆவி பற்றி வெடித்தது. 28 பேர் மாண்டனர். வேலை நாளாக இருந்திருப்பின் சாவு இன்னும் பன்மடங்காகியிருக்கும். முறிந்தது அத்தற்காலிகக் குழாயே என 1975-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை முடிவு கூறிற்று.

குழாயைப் பொருத்தியவர்கள் சோம்பேறிகள் அல்லர். வேதித் தொழிலை நன்கறிந்தவர்கள் அங்கிருந்தனர். அழுத்தம் அக்குழாயை எவ்வாறு வளைக்கும் எனக் கணிக்கத்தக்க தலைமைப் பொறியாளர் பதவிதான் அப்போது காலியாக இருந்தது. அறியாமை குற்றமாகுமா? ஆகாது என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஐந்தாம் கலன் ஏன் பிளந்தது எனக் கண்டறியாமலும், எஞ்சிய ஐந்திலும் அத்தகைய விரிசல் உண்டா எனச் சோதிக்காமலும் ஆலையை ஓட்டத் துணிந்தனரே, அவ்விரு கேள்விகளைக் கேட்க இயந்திரவியல் கற்றிருக்க வேண்டியதில்லை. மாணவன் கணக்கைப் பிழையாகச் செய்தால் விடையை மட்டும் அடித்துத் திருத்தும் ஆசிரியர்களைக் கண்டிருக்கிறேன். நேரமின்மையால் நானே அவ்வாறு செய்ததுமுண்டு. அடுத்த பக்கத்தில் அதே பிழை காத்திருக்கும்.

விரிசலின் காரணம் பின்னரே தெளிவாயிற்று. முன்னர் அக்கலனருகே கசிந்த ஆவியை அடக்க அதன்மீது நீரைத் தெளித்து வந்திருந்தனர். அந்நீரில் கலந்திருந்த நைட்ரேட்டு உப்பே எஃகை மெல்லத் தாக்கிப் பிளந்திருந்தது. கசிவுக்குச் செய்த மருந்து அது.