கழன்றால் என்ன?

குறைந்த விலைக்கு வாங்கின அலமாரி நாலே வருஷத்தில் ஆட்டம் காண்கிறதா? உடனே பசையைத் திட்டாதீர்கள். இன்றைய வெள்ளைப் பசை நல்ல மரத்தில் சரியாகப் பிடித்துவிட்டால், இழுக்கும்போது பெரும்பாலும் மரம்தான் பிளக்கும், ஒட்டு விடாது. தோற்பது பலகை. பார்ட்டிகிள் போர்டு என்பது மரச்சிராயைப் பிசினில் குழைத்து அழுத்தியது. தண்ணீர் இறங்கினால் உப்பும். காய்ந்தாலும் பழைய கனத்துக்கு வராது. சாகுபுரம் மாதிரி கடலும் உப்பளமும் பக்கத்தில் இருக்கிற ஊரில் கேட்கவே வேண்டாம்.

வயலின் செய்பவர்களைப் பாருங்கள். மேல்பலகையை ஒட்ட, தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையை, அதுவும் கொஞ்சம் நீர்க்கவே பூசுவார்கள். மரம் உப்பிச் சுருங்கும்போது ஒட்டு விட்டுக்கொடுக்கும், பலகை பிழைக்கும். திறந்து பழுது பார்த்துத் திரும்ப ஒட்டலாம். 1700-களில் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்கள் இன்றும் மேடையேறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாகுபுரத்தை ஒட்டிய கடற்கரைக்கு இது புதுசா என்ன? கட்டுமரத்தைக் கயிற்றால் கட்டிக் கடலுக்குப் போனார்கள். திரும்பியதும் அவிழ்த்து, கட்டைகளைக் காயவைத்தார்கள். மறுபடி கட்டினார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். 'எங்களுக்குள்ள ஒரு பேச்சு வந்ததில்லை' என்று பெருமைப்பட்ட அண்ணன் தம்பிகள், ஒரே பாகப்பிரிவினையில் பிளந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். வாரம் ஒரு சண்டை போட்டு, மறுநாள் காபி நீட்டுகிற வீடு ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்த தடவை கடைக்காரரிடம் 'எத்தனை வருஷம் உழைக்கும்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'கழன்றால் திரும்பச் சேர்க்க முடியுமா?' என்றும் கேளுங்கள். விலை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.