டிசி இல்லாத பிள்ளை

நண்பர் ஒருவரின் மகளுக்கு 17 வயது. ஒருநாள்கூடப் பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டிலேயே படித்தாள், தறி நெய்யக் கற்றாள், ஏரிக்கு வரும் பறவைகளைப் பற்றி ஐந்து வருடக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறாள். சென்ற ஜூனில் ஒரு கல்லூரிக்கு அவளோடும் அவள் அப்பாவோடும் போயிருந்தேன். கவுண்ட்டரில் கேட்ட முதல் கேள்வி, "டிசி இருக்கா?" விண்ணப்பத்தில் 'கடைசியாகப் படித்த பள்ளி' என்ற கட்டத்துக்கு வந்ததும் அவள் பேனா நின்றுவிட்டது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தலைகுனிவுதான் என்னை எழுத வைக்கிறது. பள்ளி வேண்டாம் என்று முடிவெடுத்தது அந்தக் குழந்தையில்லை, பெரியவர்களாகிய நாம். அவளுக்கு ஆறு வயதில் துணிச்சலாகத் தெரிந்த முடிவுக்கு 17 வயதில் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனவே சான்றிதழ் விஷயத்தில் பெற்றோர் மனசாட்சியோடு இருக்க வேண்டும். 2016-ல் மும்பையைச் சேர்ந்த, பள்ளியை விட்டு விலகிப் படித்த பெண் ஒருத்திக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. இடம் தந்தது. சர்வதேசக் கணினி ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் வாங்கியிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் நம் ஐ.ஐ.டி.க்களின் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. இந்தச் செய்தியை வீட்டுவழிக் கல்விக்காரர்கள் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் மூன்று பதக்கம் வாங்காத பிள்ளைகளை எங்கே அனுப்புவது? தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வை வீட்டிலிருந்து படித்தே எழுதலாம். அதன் சான்றிதழைக் காட்டிக் கல்லூரியில் சேரலாம். கொள்கையின் பெயரால் அந்த வழியைப் பிள்ளைக்குச் சொல்லாமல் மறைப்பது தவறு.

சான்றிதழே கேட்காத இடங்களும் இருக்கின்றன. உதய்ப்பூரில் 2010-ல் தொடங்கிய ஸ்வராஜ் பல்கலைக்கழகம் அப்படிப்பட்டது. பெயரில்தான் பல்கலைக்கழகம், பட்டம் கிடையாது, தேர்வு கிடையாது. படிக்க வருகிறவர்களை 'கோஜி' என்கிறார்கள், தேடுகிறவர் என்று பொருள். இரண்டாண்டுக் காலத்தில் யாரிடம் எதைக் கற்பது என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். அங்கே சைக்கிள் யாத்திரை ஒன்று உண்டு. கையில் காசு இல்லை, செல்போன் இல்லை, கட்டுச்சோறு இல்லை. கிராமம் கிராமமாகப் போய், ஏதாவது வேலை செய்து கொடுத்து, அவர்கள் போடுவதைச் சாப்பிட்டு, இடம் கொடுத்தால் படுத்துக்கொள்ள வேண்டும். தெரியாத வீட்டு வாசலில் நின்று "ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்கும் நிமிடத்தில் ஒரு பிள்ளை கற்பதை எந்த வகுப்பறையும் கற்றுத் தராது.

வேறு வகையான இன்னொரு இடம், கலிபோர்னியாவின் பாலைவனப் பள்ளத்தாக்கில் இருக்கும் டீப் ஸ்பிரிங்ஸ். பள்ளி செல்லாதவர்களுக்கென்று தொடங்கப்பட்டதல்ல. இருந்தும் நாம் பார்த்துக் கற்க வேண்டிய கல்லூரி. மின்சாரத் தொழிலில் பணம் சம்பாதித்த எல்.எல். நன் 1917-ல் நிறுவினார். மாணவர்கள் முப்பது பேருக்குள்தான், கட்டணம் இல்லை. மாட்டுப் பண்ணையும் தீவனப்புல் வயலும் கல்லூரியோடு சேர்ந்தவை. வாரத்துக்கு 20 மணி நேரம் உடலுழைப்பு. விடியுமுன் எழுந்து பால் கறக்கிற முறை யாருடையதோ, அவர் முந்தைய இரவு எத்தனை மணி வரை தத்துவம் படித்திருந்தாலும் எழுந்தாக வேண்டும். மடி கனத்து நிற்கிற மாட்டிடம் சாக்குச் சொல்ல முடியாது. ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதிலும் அடுத்த ஆண்டு மாணவரைச் சேர்ப்பதிலும் மாணவர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு.

வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு விருப்பம்போல் கற்கும் சுதந்திரம் ஏற்கெனவே நிறையக் கிடைத்திருக்கிறது. 17 வயதில் அவளுக்குத் தேவை, அவளை நம்பி நாலு பேர் இருப்பது. அவள் சமைக்காவிட்டால் மற்றவர்கள் பட்டினி, அவள் தண்ணீர் பாய்ச்சாவிட்டால் பயிர் வாடும் என்கிற நிலைமை. இதற்கு நேர்மாறாக, மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து பேசுவதற்கு லட்சக்கணக்கில் பணம் கேட்கிற இடங்களும் மாற்றுக்கல்வி என்ற பெயரில் வருகின்றன. ஓர் இடத்தைப் பார்க்கப் போனால் அங்கே பாத்திரம் யார் கழுவுகிறார்கள் என்று கேளுங்கள். பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

பிறருக்குப் பயன்பட்டுக்கொண்டே கற்பது நமக்குப் புதிதுமில்லை. உ.வே.சாமிநாதையர் எந்தக் கல்லூரியிலும் படித்தவரில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையுடன் இருந்து, அவர் சொல்லச் சொல்லப் பாடல்களை ஏட்டில் எழுதி, பாடம் கேட்டவர். ஆசிரியருக்குப் பயன்பட்டதே அவருக்குப் படிப்பாகவும் ஆனது. 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் இடம் காலியானபோது, அதிலிருந்து ஓய்வுபெற்ற தியாகராச செட்டியார் அவரைப் பரிந்துரைத்தார். அங்கிருந்தவர்கள் பாடல் சொல்லச் சொல்லி, பொருள் கேட்டு, சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

நண்பரின் மகள் இப்போது திறந்தநிலைப் பள்ளித் தேர்வுக்குப் பதிவு செய்திருக்கிறாள். காலையில் ஒரு நெசவாளர் வீட்டில் தறியில் உட்காருகிறாள். கல்லூரியா, ஸ்வராஜ் போன்ற இடமா என்பதை அவளே முடிவு செய்யட்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். கல்லூரி நடத்துகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். டிசி இல்லாமல் ஒரு பிள்ளை வந்து நின்றால் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உட்கார வைத்து, அவளுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள்.